மூன்றடி முடுக்கும் பதினேழு ஆண்டு மௌனமும்

 

அண்மையில் ஒரு நாள் மாலை, மக்தப் வகுப்பில் மக்கா வெற்றியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில் பத்தாயிரம் தோழர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைந்ததையும், தம்மை ஊரைவிட்டு விரட்டியவர்கள் தலைகுனிந்து நின்றபோது அவர்களைப் பழிவாங்காமல் மன்னித்ததையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் இருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், அப்படியானால் நீங்கள் ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை?” என்று கேட்டான்.

அவன் என் சாச்சாவின் பேரன்.

எங்கள் பூர்வீக வீட்டை வாப்பாவும் சாச்சாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, இரு பாகங்களுக்கும் இடையில் இருந்த மூன்றடி அகல முடுக்கு எவருடைய பத்திரத்திலும் தெளிவாக எழுதப்படாமல் நின்றுவிட்டது. அதில் கழிவுநீர்க் குழாய் பதிப்பது பற்றி எழுந்த பேச்சு, ஜமாஅத் பஞ்சாயத்து வரை சென்றது. அங்கே சொல்லக் கூடாத சொற்களை இரு தரப்பாரும் சொன்னார்கள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. வாப்பா மௌத்தானபோது சாச்சா ஜனாஸாத் தொழுகைக்கு வந்தார். கடைசி ஸஃப்பில் நின்று தொழுதார். மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு எவரிடமும் பேசாமல் திரும்பிச் சென்றார். நான் அவரைப் பார்த்தேன், ஸலாம் சொல்லவில்லை. வாப்பாவின் மானத்தைக் காப்பதாக அன்று எண்ணிக்கொண்டேன்.

சிறுவனின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. துஆ ஓதி வகுப்பை முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி முடியவில்லை. அதுவே இக்கட்டுரையை எழுதவும் வைத்தது.

பகை வாரிசுச் சொத்தாகும் விதம்

மதீனாவில் அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கோத்திரங்கள் இருந்தன. இரண்டும் ஒரே மூதாதையரின் வழிவந்தவை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அவை போரிட்டுக்கொண்டிருந்தன. ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்த புஆஸ் போரில் இரு தரப்புத் தலைவர்களும் மாண்டனர். போரால் இளைத்துப்போயிருந்த அந்த ஊருக்குத்தான் நபி (ஸல்) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பகைவர்களாக இருந்த அம்மக்களின் உள்ளங்களை அல்லாஹ் இணைத்ததையும், நெருப்புக் குழியின் விளிம்பிலிருந்து அவர்களைக் காப்பாற்றியதையும் ஆல இம்ரான் அத்தியாயத்தின் 103ஆம் வசனம் நினைவூட்டுகிறது. பூமியிலுள்ள செல்வம் முழுவதையும் செலவிட்டாலும் அந்த உள்ளங்களை இணைத்திருக்க இயலாது என்று அன்ஃபால் அத்தியாயத்தின் 63ஆம் வசனம் உணர்த்துகிறது.

ஆனால் இணைந்த உள்ளங்களும் எவ்வளவு எளிதில் பிரிந்துவிடக்கூடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை இப்னு இஸ்ஹாக் தம் சீறாவில் பதிவு செய்துள்ளார். இரு கோத்திரத்தாரும் ஒரே சபையில் அமர்ந்து அளவளாவுவதைக் கண்டு பொறுக்காத ஒருவர், ஓர் இளைஞனை அங்கே அனுப்பி, புஆஸ் போர் பற்றி இரு தரப்பாரும் பாடிய கவிதைகளைச் சொல்லச் செய்தார். சற்று நேரத்தில் பழம்பெருமை பேசத் தொடங்கினார்கள். வாக்குவாதம் முற்றியது. ஆயுதங்களை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சந்திப்பதாக அறைகூவினார்கள். செய்தி அறிந்து நபி (ஸல்) அவர்கள் விரைந்து வந்தார்கள். தாம் அவர்களிடையே இருக்கும்போதே அறியாமைக் காலத்துக்குத் திரும்புகிறீர்களா என்று வருத்தத்துடன் கேட்டார்கள். அவர்கள் அழுதார்கள், ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டார்கள்.

ஸஹாபாக்களாகிய அவர்களுக்கே பழங்கதை பகைக்கு விறகாயிற்று என்றால், நாம் எம்மாத்திரம்? இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிதாக எந்தத் தீங்கும் அன்று நடக்கவில்லை. பழையதை ஒருவர் எடுத்துச் சொன்னார், அதுவே போதுமானதாயிற்று. நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. சோறு பரிமாறும்போது, “உன் பெரியவாப்பா அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா?” என்று தொடங்குகிறோம். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அந்தச் சண்டையைப் பார்த்ததில்லை. அதில் அவனுக்கு இழப்பும் இல்லை. எனினும் அந்த வெறுப்பு அவன் பங்குக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சொத்துக்கு ஃபராயிள் சட்டப்படி பங்கு பிரிக்கப் பல ஆண்டுகள் தாமதிக்கிறோம். பகையைப் பங்கு வைப்பதில் மட்டும் நமக்குத் தாமதமே இல்லை.

முதலில் விட்டுக்கொடுப்பவர் யார்?

“தவறு அவர் மீது, அவரே முதலில் வரட்டும்.” நானும் பதினேழு ஆண்டுகள் இதையே சொன்னேன்.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு அரஃபாத் பெருவெளியில் நபி (ஸல்) அவர்கள் அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் இரத்துச் செய்தார்கள். அவற்றுள் முதலாவதாக எதை இரத்துச் செய்தார்கள்? தம் உறவினரான ரபீஆ இப்னுல் ஹாரிஸின் மகன் கொல்லப்பட்டதற்காகத் தம் குடும்பத்துக்கு வரவேண்டிய பழியைத்தான். வட்டியை ஒழித்தபோதும் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே முதலில் தள்ளுபடி செய்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஊராரிடம் விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு முன் தம் வீட்டுக் கணக்கை அவர்கள் தீர்த்தார்கள். அதுவும் கொடுக்க வேண்டிய கணக்கன்று, வரவேண்டிய கணக்கு. ஆகவே, உரிமை தன் பக்கம் இருப்பவனே முதலில் கையை நீட்டத் தகுதியுடையவன்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மிஸ்தஹ் என்பவர் அவர்களின் தாய்வழி உறவினர், ஏழை, அவர்களின் உதவியால் வாழ்ந்தவர். அவரே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறில் பங்குகொண்டார். ஒரு தந்தைக்கு இதைவிடக் கொடிய காயம் உண்டா? இனி அவருக்கு எதுவும் தருவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். அப்போதுதான் அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கியது. அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்னும் கேள்வி அதில் இருந்தது. விரும்புகிறேன் என்று அபூபக்ர் (ரலி) விடை சொன்னார்கள். நிறுத்திய உதவியை மீண்டும் தொடங்கினார்கள். மிஸ்தஹ் செய்தது சிறிய தவறு என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. அவர்களுக்கும் ஒரு மன்னிப்பு தேவை என்பதே நினைவூட்டப்பட்டது. தொழுகை முடிந்து அஸ்தக்ஃபிருல்லாஹ் என்று சொல்லும் நாவு, பள்ளியின் வாசலில் சகோதரனைக் கண்டதும் ஊமையாகிவிடுவது என்ன நியாயம்?

மன்னித்த பின்னும் வலிக்கலாம்

“மன்னித்துவிட்டேன், ஆனால் முகத்தைப் பார்த்தால் பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது. அப்படியானால் நான் மன்னிக்கவில்லையா?” என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டதுண்டு.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர் வஹ்ஷி. நபி (ஸல்) அவர்களுக்கு ஹம்ஸா (ரலி) சிறிய தந்தை மட்டுமல்லர். பால்குடிச் சகோதரரும் ஆவார். மக்கா வெற்றிக்குப் பின் வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று நபியவர்களிடம் வந்தார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. அவருடைய உயிருக்கு முழுப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் அவர் தம் முகத்தைத் தம்மிடமிருந்து சற்று விலக்கிக்கொள்ள இயலுமா என்று நபி (ஸல்) கேட்டார்கள். புகாரியில் உள்ள இச்செய்தியை வாசிக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும். அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்த தூதருக்கும் அந்த வலி இருந்தது. வலி இருந்ததால் மன்னிப்புக் குறைந்துவிடவில்லை. பழிவாங்கவில்லை, இழிவுபடுத்தவில்லை, உரிமையைப் பறிக்கவில்லை. மன்னிப்பு என்பது இதுதான். மனம் ஆறுவதற்கு அல்லாஹ் காலத்தை வைத்திருக்கிறான். கையையும் நாவையும் அடக்குவதை இன்றே நம்மிடம் கேட்கிறான்.

இதன் பொருள், அநீதிக்கு ஆளானவரின் வாயை அடைப்பது என்பதன்று. அடிபடும் பெண்ணிடமும், பங்கு மறுக்கப்பட்ட தங்கையிடமும் “ஸபூர் செய்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் பஞ்சாயத்துகளை நான் கண்டிருக்கிறேன். அது மன்னிப்பைக் கற்பிப்பதன்று, அநீதிக்குத் துணைபோவது. அஷ்ஷூரா அத்தியாயத்தின் 40ஆம் வசனம் தீமைக்கு ஈடான நீதியை முதலில் உரிமையாக ஏற்கிறது. அதன் பின்னரே மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கான கூலி அல்லாஹ்விடம் இருப்பதாகச் சொல்கிறது. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை மற்றவர் அவரிடம் கட்டளையிட்டு வாங்க முடியாது.

நம்முள் எஞ்சியிருக்கும் ஜாஹிலிய்யத்

பகைக்காவது ஒரு காரணம் இருக்கும். காரணமே இல்லாத வெறுப்பும் ஒன்று உண்டு. அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழித்துப் பேசிவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் தன்மை இன்னும் உம்மிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் அந்த உயர்ந்த தோழரையே கண்டித்தார்கள்.

நம்மிடம் அது இல்லையா? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, உருது பேசுவோர் என்று பெண் கொடுக்கவும் எடுக்கவும் எத்தனை கணக்குப் பார்க்கிறோம்! புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சகோதரரை முஸாபஹா செய்து வரவேற்கும் நாம், அவருடைய மகனுக்கு நிக்காஹ் பேச வந்தால் ஏன் தயங்குகிறோம்? கொள்கை வேறுபாட்டால் பள்ளி வேறானது. ஸலாமும் ஏன் வேறாக வேண்டும்?

பிற சமயத்து அண்டை வீட்டாரைப் பற்றியும் இதையே சொல்வேன். நம்மை ஒரு கூட்டமாக்கி இழித்துப் பேசும்போது நமக்கு வலிக்கிறது. அதே நாளில் நம் பிள்ளைகளின் முன்னால், “அவங்க எல்லாரும் அப்படித்தான்” என்று நாமும் ஒரு கூட்டத்தையே தீர்ப்பிட்டுவிடுகிறோம். ஒரு சமூகத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தரும் கட்டளை. பகைத்தவர்களுக்கிடையே அல்லாஹ் நேசத்தை உண்டாக்கக்கூடும் என்று அல்மும்தஹினா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் நம்பிக்கை அளிக்கிறது. அபூஜஹ்லின் மகன் இக்ரிமா அந்த நம்பிக்கைக்குச் சான்று. மக்கா வெற்றியன்று யமனை நோக்கித் தப்பியோடியவரை, அவருடைய மனைவி உம்மு ஹகீம் (ரலி) நபியவர்களிடம் அபயம் பெற்று அழைத்து வந்தார்கள். இஸ்லாத்தின் கொடிய பகைவருடைய மகன், பின்னர் ஷாம் நாட்டுப் போர்க்களத்தில் ஷஹீதானார். இன்று நாம் வெறுப்பவர் நாளை யாராக இருப்பார் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

நான் செய்தது

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாள்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று என்றும், முதலில் ஸலாம் சொல்பவரே அவ்விருவரில் சிறந்தவர் என்றும் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. திங்களிலும் வியாழனிலும் சுவனத்தின் வாசல்கள் திறக்கப்பட்டு, இணைவைக்காத அடியார்கள் மன்னிக்கப்படும்போது, பகைத்துக்கொண்ட இருவரின் கணக்கு மட்டும் அவர்கள் சமாதானமாகும்வரை நிறுத்திவைக்கப்படும் என்று முஸ்லிமில் உள்ளது. இந்த ஹதீஸ்களை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். என் பதினேழு ஆண்டுகளில் எத்தனை திங்கள்கள், எத்தனை வியாழன்கள் கடந்திருக்கும் என்று எண்ணியபோது நடுங்கிப்போனேன்.

அந்த வியாழன் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் சாச்சா வீட்டுக்குச் சென்றேன். வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். உள்ளிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. சாச்சா வந்தார், வாப்பாவின் முகச்சாயல் இப்போது இன்னும் கூடியிருந்தது. “வா” என்று மட்டும் சொன்னார். சாச்சி தேநீர் கொண்டுவந்தார்கள். அவர்களின் மகன், என்னோடு ஒன்றாக ஓதிய என் தம்பி, அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் குறை இல்லை. பதினேழு ஆண்டு மௌனம் ஒரு தேநீரில் கரைந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடுக்கைப் பற்றி எவரும் பேசவில்லை. அது இன்னும் தீராமல்தான் இருக்கிறது. அதை எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். விடைபெறும்போது சாச்சா என் கையைப் பிடித்து, “உன் வாப்பா மௌத்தன்றைக்கு நீ பேசுவாய் என்று நின்றேன்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை இன்னும் விடவில்லை. அவர் கடைசி ஸஃப்பில் நின்றதைப் பகை என்று நான் எண்ணினேன். அவரோ என் ஸலாமுக்காகக் காத்திருந்தார்.

சகோதரர்களே, உங்களுக்காகவும் ஒருவர் எங்கேனும் ஒரு கடைசி ஸஃப்பில் காத்திருக்கக்கூடும். அடுத்த ஜனாஸா யாருடையது என்பதை நாம் அறியோம். இந்த வியாழனுக்குள் அவருக்கு ஒரு ஸலாம் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் கணக்கு அல்லாஹ்விடம் எழுதப்பட்டுவிடும்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் ஈமான் கொண்டோர் மீது குரோதத்தை வைத்துவிடாதே. எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பகையை வாரிசாக்கிவிடாதே. அவ்ஸையும் கஸ்ரஜையும் இணைத்த நீயே எங்கள் வீடுகளையும் இணைப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.