கப்பல் காத்திருக்காது: நல்லூர் யாத்திரைக்குப் பேர் கொடுத்தவங்க கவனத்துக்கு



நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, காங்கேசன்துறையில இறங்கி, நல்லூர் கந்தனைத் தரிசிக்கணும்னு நம்ம ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்கள்ல இருந்து பேர் கொடுக்கிறவங்க கூடிக்கிட்டே வர்றாங்க. சந்தோஷம். ஆனா வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு வாரமா ஒரே வாக்குவாதம். சென்னையா, திருச்சியா, மதுரையா? எங்கே தங்குறது? பஸ்ஸா, ரயிலா, வேனா? தொண்டர்கள் நாங்க உட்கார்ந்து பேசி ஒரு கருத்துக்கு வந்திருக்கோம். அதை ஒளிவுமறைவு இல்லாம இங்கே எழுதுறோம். பதிவு கொஞ்சம் நீளம்தான், ஆற அமரப் படிங்க.

முடிவை முதல்லயே சொல்லிடுறோம். இறங்குற இடம் திருச்சி. கப்பலுக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல ரெண்டு ராத்திரி. நடுவுல போறதுக்கு வேன். திரும்பும்போது யாழ்ப்பாணத்துல இருந்து விமானத்துல திருச்சி. இதுல செலவு கொஞ்சம் கூடும். இருந்தாலும் இதுதான் சரின்னு நாங்க நினைக்கிறோம்.

கப்பல்ல இருந்து பின்னாடி எண்ணணும்

நம்மில் பலர் முதல்ல பார்க்கிறது டிக்கெட் விலை. எந்த ஊருக்கு மலிவோ அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைக்கிறோம். கப்பல் பயணத்துக்கு அது ஒத்து வராது. விமானம் போனா அடுத்த விமானம் இருக்கும். கப்பல் அப்படி இல்ல. இந்தச் சேவை 2023 அக்டோபர் 14-ல ஆரம்பிச்சது. ஒரே வாரத்துல, அக்டோபர் 20-ல, மழைக்காலம்னு நிறுத்திட்டாங்க. 2024 ஆகஸ்ட் 16-ல 'சிவகங்கை'ங்கற கப்பலோட மறுபடி தொடங்குச்சு. வடகிழக்குப் பருவமழைக்கு மறுபடி நின்னு, 2025 பிப்ரவரியில திரும்ப வந்துச்சு. கடல் கொந்தளிச்சா கப்பல் போகாது. யாரையும் குறை சொல்ல முடியாது, அது கடலோட குணம்.

அதனால கப்பல் கிளம்புற நேரத்தை முதல்ல எழுதி வெச்சுக்கிட்டு, அங்கிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வரணும். கப்பல் காலையில கிளம்புது. அதுக்கு முன்னாடி குடிநுழைவு, சுங்கம், பெட்டிச் சோதனை எல்லாம் முடியணும். அப்போ அதிகாலையில நாம துறைமுகத்துல நிக்கணும். அன்னிக்கே மலேசியாவுல இருந்து இறங்கி ஓடி வந்து ஏறுறது நடக்காத காரியம்.

சிங்கப்பூர் மரினா பேயில சொகுசுக் கப்பல் ஏறப் போறவங்களுக்கும் இதே கணக்குதான். ஜொகூர் பாருவுல மலிவா ரூம் எடுத்துட்டு, கப்பல் நாள் காலையில பாலம் தாண்டிக்கலாம்னு நினைப்பாங்க. பள்ளி விடுமுறையில அந்தப் பாலம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? மிச்சம் பிடிச்ச நூறு வெள்ளிக்காகக் கப்பலையே விட்டுடக் கூடாது.

ஏன் திருச்சி

ரெம்பாவுல இருந்து கேஎல்ஐஏ ஒரு மணி நேரச் சொச்சம். அங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், நாலு மணி நேரப் பயணம். ஏர் ஏசியா டெர்மினல் 2, பாத்தேக் ஏர் டெர்மினல் 1. டெர்மினல் மாறிப் போய் நின்னா பெட்டியோட அலையணும். அதனால டிக்கெட் எடுத்ததுமே எந்த டெர்மினல்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க, கொண்டு வந்து விடுற பிள்ளைக்கும் சேர்த்து.

திருச்சி விமான நிலையத்துல இருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். தஞ்சாவூர், திருவாரூர் வழியா மூணு மூணரை மணி நேரம். சென்னையில இருந்து சுமார் 300 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம் ஆகும். மதுரையில இருந்தும் 200-க்கு மேல. மீனாட்சியம்மனைப் பார்க்கணும்னு ஆசைப்படுறவங்க திரும்பி வரும்போது பார்த்துக்கலாம். கப்பலுக்கு முன்னாடி சுத்து வழி வேண்டாம்.

'சென்னை டிக்கெட் மலிவா இருக்கே'ன்னு கேக்குறாங்க. சில சமயம் மலிவுதான், மறுக்கலை. ஆனா நம்ம பட்டியலைப் பாருங்க. பாதிக்கு மேல அறுபதைத் தாண்டினவங்க. முப்பது நாப்பது வருஷம் பால்மரம் வெட்டின கால்கள், செம்பனைக் குலை தூக்கின முதுகு. அந்த உடம்போட நாலு மணி நேரம் விமானத்துல மடங்கி உட்கார்ந்துட்டு, உடனே ஏழு மணி நேரம் பஸ்ஸுல போனா கால் வீங்கிடும். அப்புறம் கப்பல்ல நாலு மணி நேரம். நல்லூர் போய்ச் சேரும்போது சாமி கும்பிடத் தெம்பு இருக்காது. மிச்சமாகுற பணத்துக்கு விலை கொடுக்கிறது பெரியவங்க உடம்பு. ஒரு பயண ஏற்பாட்டாளர் நமக்கு அனுப்பின மலிவுப் பட்டியல்ல இந்த ஏழு மணி நேரம் 'பரிமாற்றம்'னு ஒரே வார்த்தையில இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

திருச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு, எங்களுக்கு அதுதான் பெரிய காரணம். கப்பல் போகலைன்னா என்ன செய்றது? 2025 மார்ச் கடைசியில இருந்து இண்டிகோ திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் விடுது. கடல் ஒத்துழைக்கலைன்னா மூணு மணி நேரத்துல திருச்சி திரும்பி, இடம் கிடைச்சா விமானத்துல போயிடலாம். சென்னையில இருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கு. ஆனா நாகையில மாட்டிக்கிட்டவங்க மறுபடி 300 கிலோமீட்டர் போகணும்.

ஏன் ரெண்டு ராத்திரி

ஒரு ராத்திரி கட்டாயம் தங்கித்தான் ஆகணும். ரெண்டாவது ராத்திரிதான் குழுவுல சண்டை. 'வீண் செலவு'ன்னு சிலர் சொல்றாங்க.

எங்க கணக்கு வேற. விமானம் அரை நாள் தாமதமானா, ஒரே ராத்திரித் திட்டத்துல கப்பல் போச்சு. ரெண்டு ராத்திரின்னா ஒரு நாள் கையில இருக்கு. விமானம் நேரத்துக்கே வந்துட்டா அந்த நாள் வீணாகுமா? நாகப்பட்டினம் போய்ட்டு யாராவது வீணாச்சுன்னு சொல்லுவாங்களா! ஊருக்குள்ளயே காயாரோகணேசுவரர், நீலாயதாட்சி அம்மன். ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி, திருவாரூர் சாலையில சிக்கல் சிங்காரவேலர். சூரசம்ஹாரத்துக்கு முன்னாடி முருகன் அம்மாகிட்ட வேல் வாங்கின தலம். நல்லூர்ல கருவறையில வீற்றிருக்கிறது வேல்தான். சிக்கல்ல கும்பிட்டுட்டு நல்லூர் போறதுக்கு ஒரு பொருத்தம் இருக்கா இல்லையா?

இன்னொண்ணு. நாகை நமக்குப் புது ஊர் இல்ல. நம்ம பாட்டன் பாட்டிகள்ல எத்தனையோ பேர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினது அங்கேதான். 1926-ல கட்டின 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்னிக்கு கிள்ளான் துறைமுகம்னு சொல்ற போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு ஓடுச்சு. நாகையில கப்பல் கரைக்கு வராது. கடல்ல தள்ளி நிக்கும், படகுல போய்த்தான் ஏறணும். தோட்ட வேலைக்கு வந்தவங்களைக் கப்பல் வர்ற வரைக்கும் அங்கே டிப்போவுல தங்க வெச்சாங்க. எங்கே தங்குறது, எப்போ போறதுன்னு அவங்களை யாரும் கேக்கலை. அதே ஊர்ல தங்குற இடத்தை இன்னிக்கு நாம தேர்ந்தெடுக்கிறோம். அந்தக் கடற்கரையில அரை நாள் நிதானமா நின்னு அவங்களை நினைச்சுட்டு வரலாமே. அதுக்காவது ரெண்டாவது ராத்திரி வேணும்.

எங்கே தங்குறது

மூணு பேச்சு அடிபடுது: நாகை, வேளாங்கண்ணி, காரைக்கால்.

நாகையில பெரிய ஹோட்டல்கள் குறைவு. ஆனா துறைமுகம் பக்கம், அதிகாலையில பதறாமப் போகலாம். குழு சின்னதா இருந்தா இதுதான் எங்க முதல் தேர்வு.

தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல வேளாங்கண்ணி. அறைகள் நிறைய இருக்கு, பெரிய குழுவுக்கு வசதி. நம்ம தோட்டத்துல மாதாவுக்கு நேர்ந்துக்கிட்ட குடும்பங்களும் உண்டு, அவங்களுக்கும் மகிழ்ச்சி. ஒரே எச்சரிக்கை: ஆகஸ்ட் 29-ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அங்கே திருவிழா. அந்த நாள்கள்ல அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில வரும். சில வருஷம் ரெண்டும் முட்டும். 2024-ல நல்லூர்த் தேர் செப்டம்பர் 1, வேளாங்கண்ணிக் கொடியேற்றம் அதுக்கு மூணு நாள் முன்னாடி. தேர் பார்க்கப் போறவங்க ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

காரைக்கால் வடக்கே இருபது கிலோமீட்டர் போல. இளவட்டங்கள் காரைக்காலுக்கு ஏன் இவ்வளவு ஆர்வமா கை தூக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்! தம்பிகளா, யாத்திரைக்கு மாலை போட்டிருக்கோம், மறந்துடாதீங்க. பக்கத்துலயே திருநள்ளாறு இருக்கறதால சனிக்கிழமை கூட்டத்துக்கு அறைகள் நிறைஞ்சிடும். சனீஸ்வரனைப் பார்க்கணும்னா பகல்ல போய்ட்டு நாகைக்குத் திரும்பிடலாம்.

எந்த ஊரா இருந்தாலும் பணம் கட்டறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. லிப்ட் இருக்கா, இல்லைன்னா கீழ்த்தளத்துல அறை தருவாங்களா? உட்கார்ற மாதிரி கழிவறையா? விரதக்காரங்களுக்குச் சைவச் சாப்பாடு தனியா கிடைக்குமா? அதிகாலை நாலு மணிக்கு வாசக்கதவைத் திறந்து விடுவாங்களா? படத்துல நீச்சல் குளம் தெரியுதான்னு பார்க்கிறதை விட இது முக்கியம்.

வேன்தான்

ரயில் மலிவு, நாங்க குறை சொல்லலை. இளைஞர்கள் நாலு பேர்னா ரயில்லயே போங்க. ஆனா இருபது பெரியவங்க, இருபது பெட்டி, படிக்கட்டு, பிளாட்பாரம்னா வேண்டாம். வேன்னா வேணும்கற இடத்துல நிக்கும். தஞ்சாவூர்ல பெரிய கோயில் வாசல்ல இறங்கி, கால் நீட்டி, சாப்பிட்டு, மறுபடி ஏறலாம்.

வேன் பேசும்போது வாடகை மட்டும் கேக்காதீங்க. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், இரவுத் தங்கல் எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு கேட்டு, எழுதி வாங்குங்க. 17 பேர் வேன்ல 17 பேரை ஏத்தாதீங்க, பெட்டிக்கும் இடம் வேணும். விமானம் ராத்திரி இறங்கினா, அன்னிக்குத் திருச்சியிலயே தூங்கிட்டுக் காலையில பசியாறிட்டுக் கிளம்புங்க. தூக்கக் கலக்கத்துல இருக்கற டிரைவரை நம்பி இருட்டுல போக வேண்டாம்.

திரும்பும் வழி

இலங்கைக்கு முன்கூட்டியே இடிஏ அனுமதி எடுக்கணும். இந்தியாவுக்கு இ-விசா எடுக்கிறவங்க ஒண்ணைக் கவனிங்க: அதைக் காட்டி எல்லா வாசல் வழியாவும் உள்ளே நுழைய முடியாது, குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியா மட்டும்தான். திருச்சி விமான நிலையம் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதனாலதான் போகும்போது கப்பல், வரும்போது யாழ்ப்பாணம்–திருச்சி விமானம்னு சொல்றோம். இலங்கை போய்ட்டு மறுபடி இந்தியாவுக்குள்ள வர்றோம், ரெண்டாவது முறை நுழைய அனுமதிக்கிற விசாவான்னு பாருங்க. திருச்சி வந்ததும் ஒரு ராத்திரி வெச்சா ஸ்ரீரங்கம், சமயபுரம், மலைக்கோட்டைப் பிள்ளையாரையும் பார்த்துட்டு நிம்மதியா வீடு திரும்பலாம்.

பெட்டி எடைக்கு விமானத்துல ஒரு கணக்கு, கப்பல்ல ஒரு கணக்கு. எது குறைவோ அதுக்குத் தகுந்த மாதிரி கட்டுங்க. கற்பூரத்தை விமானத்துல விட மாட்டாங்க, நல்லூர் வாசல்லயே வாங்கிக்கலாம். மருந்து மாத்திரை எல்லாம் கைப்பையில இருக்கட்டும். இந்தியா, இலங்கை நேரம் நம்மை விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி. சக்கரை மாத்திரை போடுறவங்க நேரத்தை டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

கடைசியா ஒரு வார்த்தை

'பணம் உள்ளவங்களுக்குத்தான் இந்தத் திட்டம்'னு ஒரு அன்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எங்க பதில் இதுதான்: பயணத்தை மலிவாக்கணும்னா நாள் தள்ளிப் போட்டு மலிவாக்கலாம். திருவிழா இல்லாத மாசத்துல, மூணு நாலு மாசம் முன்னாடியே டிக்கெட் எடுத்தா திருச்சியும் கையைக் கடிக்காது. அறையில மூணு பேர் தங்கலாம், வேனைப் பகிர்ந்துக்கலாம். வயசானவங்க ஓய்வை வெட்டி மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். இபிஎஃப் பணத்துல கொஞ்சம் எடுத்து வெச்சு, வாழ்நாள்ல ஒரு தடவைன்னு கிளம்புறவங்க அவங்க. அந்த ஒரு தடவை சரியா அமையணும்.

ஞாயிறு பூசை முடிஞ்சதும் மண்டபத்துல இதைப் பத்திப் பேசுவோம். கடப்பிதழைக் கையோட கொண்டு வாங்க, ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி இருக்கான்னு அங்கேயே பார்த்துடலாம். மாத்துக் கருத்து இருந்தா தாராளமா சொல்லுங்க, கேட்டுக்கிறோம். சென்னைதான் வேணும்னு நினைக்கிறவங்க, கூட வர்ற அம்மா அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.

— ஆலயத் தொண்டர்கள், ரெம்பாவ்