சோற்றை எவ்வளவு குறைப்பது?

நம்மவர் வீடுகளில் ஒருவர் உடம்பைக் குறைக்க முற்பட்டால் முதலிற் பலியாவது சோறுதான். இராச் சோறு நிற்கும். அடுத்த வாரம் மத்தியானச் சோறும் நிற்கும். மூன்றாம் வாரத்தில் தலைச்சுற்றும் சினமும் தோன்ற, பழைய அளவுக்கே திரும்பி விடுகின்றனர். ஆகவே நாளொன்றுக்கு எவ்வளவு காபோவைதரேற்று தகும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இவ்வினா புதியதன்று. இலண்டனில் ஈமச்சடங்குத் தொழில் புரிந்த வில்லியம் பாண்டிங் என்பார், மருத்துவர் ஹார்வியின் சொற்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு முதலியவற்றைக் கூடியவரை தவிர்த்து மெலிந்த வரலாற்றை 1863ஆம் ஆண்டிலே சிறு நூலாக வெளியிட்டார். (குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய ஹார்வி இவரல்லர், அவர் இரு நூற்றாண்டு முந்தியவர்.) பிற்காலத்தில் அமெரிக்க மருத்துவர் அற்கின்ஸ் வகுத்த முறையின் தொடக்கப் படியில் நாளுக்கு 20 கிராமே இடம்பெற்றது. அஃது ஓரிரு கரண்டிச் சோற்றோடு தீர்ந்துவிடும்.

இவ்வாறு கடுமையாகக் குறைப்போர் முதல் வாரத்திலேயே தராசைப் பார்த்து மகிழ்வர். ஆனால் அப்பொழுது குறைவதிற் பெரும்பங்கு நீரே. ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கின்றது. அது செலவாக நீரும் வெளியேறுகின்றது. கொழுப்பு அவ்வளவாகக் குறைவதில்லை.

ஓராண்டு கழிந்தபின் நிலைமை என்ன? அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குக் கொழுப்பையும் மறுசாராருக்குக் காபோவைதரேற்றையும் குறைத்தனர். 2018இல் வெளிவந்த முடிவின்படி முன்னவர் சராசரி 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் குறைந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. மொத்த உணவு குறைந்தமையே இரு சாராரையும் மெலிவித்தது.

எனினும் கணக்கு ஒன்று வேண்டுமன்றோ? மூளையின் தேவையைக் கருதி வளர்ந்தோருக்கு நாளுக்கு 130 கிராம் என அமெரிக்க வல்லுநர் விதந்துரைத்துள்ளனர். மெலிவதற்காக 1500 கலோரி உண்ணும் ஒருவர் அதில் ஐந்தில் இரண்டு பங்கைக் காபோவைதரேற்றிலிருந்து பெற்றால் அது 150 கிராம் ஆகும். பெரும்பாலோர்க்கு இது தாங்கக்கூடிய அளவு என்பது நம் கருத்து.

இனி அடுக்களைக்கு வருவோம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராமும், கால் இறாத்தல் பாணில் 55 கிராமும் உண்டு. காலையில் அந்தப் பாணும் மத்தியானம் 200 கிராம் சோறும் உண்டால், இரவுக்கும் பழத்துக்கும் பாலுக்குமாக 40 கிராமே எஞ்சும். உருளைக்கிழங்குக் கறியும் மரவள்ளியும் கறியென்ற பெயரில் வரும் மாப்பொருளே. குரக்கன் பிட்டு நல்லதுதான், நார்ப்பொருள் மிகுந்தது, ஆனால் அளவின்றி உண்ணத் தக்கதன்று. தட்டில் வெறுமையான இடத்தைக் கீரை, கத்தரிக்காய், பருப்பு, மீன் என்பவை நிரப்பட்டும். கட்டிப்பாலை அள்ளி ஊற்றினால் கணக்குக் கெட்டுவிடும், ஏனெனில் கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருவது. மாப்பொருள் தருவது 4 மட்டுமே.

சோற்றில் கைவைக்குமுன் தேநீரைப் பாருங்கள். இரண்டு கரண்டிச் சீனியிட்டு நாளுக்கு ஐந்து முறை பருகுவோர் 40 கிராமைக் குடித்தே தீர்க்கின்றனர். இது 140 கிராம் சோற்றுக்குச் சமம். பசியோ சிறிதும் அடங்குவதில்லை.

நீரிழிவு உடையோருக்கு ஒரு வார்த்தை. இன்சுலின் ஏற்றுவோரும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் மருந்தை அப்படியே வைத்துச் சோற்றை மட்டும் குறைத்தால், குருதியிற் சீனி அபாயகரமாக இறங்கக்கூடும். முதலில் மருத்துவரிடம் சென்று மருந்தின் அளவைத் திருத்திக்கொள்க. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்து உடனே பருகக் கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்க.