எட்டு மூட்டை அரிசி

'ஸ்க்ராம்ப்ளர்' என்று ஒரு வார்த்தை இப்போது நம் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சாப்பாட்டு வேளையில் அது அடிக்கடி காதில் விழும். ஏதோ முட்டைப் பலகாரம் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிடும் சகோதரிகளும் உண்டு. பலகாரம் அல்ல, சகோதரிகளே! மோட்டார் சைக்கிள். பார்ப்பதற்கு நம் மாமனார் காலத்து வண்டி மாதிரியே இருக்கும். உருண்டை விளக்கு, கண்ணீர்த் துளி போன்ற பெட்ரோல் டாங்கி, தட்டையான நீள ஆசனம். விலை மட்டும் மாமனார் காலத்து விலை அல்ல.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1924-ம் வருஷம் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் சில வாலிபர்கள் மேடு, பள்ளம், சேறு, புதர் எல்லாவற்றிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள. கையையும் காலையும் ஊன்றித் தட்டுத் தடுமாறி ஏறுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ, அதையே பந்தயத்துக்குப் பெயராக வைத்தார்கள். பிறகு வண்டிக்கும் அது ஒட்டிக் கொண்டது. அந்நாளில் இதற்கென்று தனி வண்டி ஏது? சாதாரண ரோட்டு வண்டியின் கைப்பிடியை அகலமாக்கி, கட்டை கட்டையாக வெட்டிய டயரைப் போட்டு, தண்ணீர் புகாமலும் கல் அடிக்காமலும் புகைக்குழாயை மேலே தூக்கிக் கட்டினால் தீர்ந்தது. 1962-ல் இரண்டு அமெரிக்கர்கள் ஹோண்டாவின் 250 சி.சி. ஸ்க்ராம்ப்ளர்களை எடுத்துக் கொண்டு மெக்ஸிகோ நாட்டில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை, பெரும்பாலும் பாலைவனமும் பாறையுமான சுமார் 950 மைல் தூரத்தை, நாற்பது மணிக்குச் சற்றே குறைவான நேரத்தில் கடந்தார்கள். அந்தப் பிரயாணத்துக்குப் பிறகு உலகம் பூராவும் இந்த ஜாதி வண்டிக்கு ஒரு மவுசு.

நம் சென்னைக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய்க் கம்பெனி சீமையில் மூடிப் போன பிறகும் திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக் கொண்டது. அந்தக் கம்பெனி 2024 நவம்பரில் ஒரு ஸ்க்ராம்ப்ளரை வெளியிட்டது. 'பேர்' என்று அதற்குப் பேர்! கரடி என்று அர்த்தம். 1960-ல் கலிபோர்னியாவில் நடந்த 'பிக் பேர்' என்னும் பாலைவனப் பந்தயத்தில் எடி முல்டர் என்ற 16 வயதுப் பையன் என்ஃபீல்ட் வண்டியில் ஜெயித்தானாம், அந்த ஞாபகார்த்தம். இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2023-ல், ட்ரையம்ஃப் கம்பெனியின் 400 சி.சி. ஸ்க்ராம்ப்ளர் புனாவை அடுத்த சாக்கனில் பஜாஜ் தொழிற்சாலையில் உற்பத்தியாகி வந்துவிட்டது.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். ட்ரையம்ஃப் வந்தபோது விலை 2 லட்சத்து 63 ஆயிரம். கரடி வந்தபோது 3 லட்சத்து 39 ஆயிரம். இது கடைக்குள் இருக்கும் விலை. கடை வாசலைத் தாண்டுவதற்குள் பதிவுக் கட்டணம், சாலை வரி, இன்ஷ்யூரன்ஸ் எல்லாம் வந்து சேரும். 2025 செப்டம்பர் 22-ந் தேதியிலிருந்து 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 40, அதற்கு முன் எல்லாம் சேர்த்து 31 இருந்தது. 350 வரைக்கும் 18 தான்! புது வண்டிக்கு ஐந்து வருஷத்து மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் சேர்த்தே கட்ட வேண்டும். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 350-க்கு மேல் என்றால் 15,117 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை என்றால் 7,365. ஆகவே உங்கள் பிள்ளை "அம்மா, 400-க்கும் 350-க்கும் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். சர்க்கார் நம்பவில்லை.

இவ்வளவும் நான் எப்படித் தெரிந்து கொண்டேன் என்றால், பிள்ளையால் அல்ல, ஒரு பெண்ணால்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். பாங்கியில் உத்தியோகம். தன் சேமிப்பைப் போட்டுப் போன வருஷம் ஒரு ஸ்க்ராம்ப்ளர் வாங்கினாள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, விளம்பரமாகிவிடும். இப்போது அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பிள்ளை நல்ல பிள்ளை, குடும்பமும் நல்ல குடும்பம். "எல்லாம் திருப்தி. அந்த வண்டியை மட்டும் விற்றுவிடச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். பெண் முடியாது என்றாள். தாயார் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்று கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

நான் பேசினேன். அவள் கோபித்துக் கொள்ளவில்லை. "பெரியம்மா, வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார்ந்து வெள்ளிமலை வரைக்கும் வாருங்கள். திரும்பி வந்து விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன்" என்றாள். என் வயதில் இப்படி ஒரு பந்தயம்!

"புடவையோடு ஏற்ற மாட்டேன்" என்பது அவள் போட்ட முதல் நிபந்தனை. நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு, பிடித்துக் கொள்ள நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க மிதி — இந்த மூன்றும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. பிள்ளைகள் வண்டி வாங்கியதும் அழகு கெடுகிறது என்று முதல் காரியமாகக் கழற்றி எறிவது இந்தப் புடவைக் காப்பைத்தான்! பெரும்பாலான வண்டிகளில் சங்கிலி இடது பக்கம் ஓடுகிறது. நாம் காலைத் தொங்கப் போட்டு உட்காருவதும் இடது பக்கம். முந்தானையும் அங்கேதான் பறக்கும். அந்தத் தகரத்தை யாராவது உங்கள் வீட்டில் கழற்றினால், அதைத் திரும்ப மாட்டிய பிறகுதான் காப்பி என்று சொல்லிவிடுங்கள்.

என் பெண்ணின் சல்வாரை மாட்டிக் கொண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட தலைக்கவசத்துக்குள் கொண்டையைத் திணித்துக் கொண்டு, ஏறினேன் என்று எழுதுவது சுலபம். ஆசனம் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. வாசல் திண்ணையில் நின்று கொண்டுதான் ஏற முடிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு அப்பால் மலை ஏற்றம் ஆரம்பிக்கிறது. சமவெளியில் ஒன்றும் தெரியாத வண்டி, மலையில் தன் குணத்தைக் காட்டியது. முன் சக்கரம் 19 அங்குலம். பெரிய சக்கரம் குழியில் விழாமல் மேலாகத் தாண்டிப் போகிறது. அகலமான கைப்பிடி, திருப்பத்தில் வண்டியை வளைக்கச் சுலபம். இறக்கத்தில் அவள் பிரேக்கை அழுத்திக் கொண்டே வரவில்லை. இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக்கினாள். "விடாமல் அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும், பெரியம்மா" என்றாள். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின் ஆசனம் பலகைதான். எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்கிறது. சங்கிலிக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் போட வேண்டும். மழையில் போனால் அதற்கு முன்னாலேயே. கம்பிச் சக்கரம் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் டயருக்குள் டியூப். முள் குத்தினால் நடுக் காட்டில் நிற்க வேண்டியதுதான். பெட்ரோல் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படலாம்.

கரியாலூருக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது. எதிரே பஸ் வர, அவள் ஒதுங்கி நின்றாள். நான் அசைந்தேனோ, ஜல்லி நழுவியதோ, வண்டி மெள்ள மெள்ள இடது பக்கம் சாய்ந்தது. ஓட்டமில்லாத வண்டியாதலால் அடி ஒன்றும் இல்லை. பொத்தென்று புல்லில் உட்கார்ந்தேன்.

இந்த வண்டிகளின் எடை 185 கிலோவிலிருந்து 216 கிலோ வரை. கடையில் வாங்குகிறோமே 25 கிலோ அரிசி மூட்டை, அதைப் போல ஏறக்குறைய எட்டு. "யாராவது ஆண்பிள்ளை வரட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். முதலில் எஞ்சினை அணைத்தாள். கியரில் இருக்கிறதா என்று பார்த்தாள், அப்போதுதான் உருளாதாம். கைப்பிடியைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்பினாள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, ஆசனத்தில் இடுப்பை அண்டக் கொடுத்துக் குந்தினாள். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பின்னால் உள்ள கம்பியில். முதுகை வளைக்காமல், காலால் தரையை உதைத்து, குட்டி குட்டி அடியாகப் பின்னால் நடந்தாள். எட்டு மூட்டை அரிசி எழுந்து நின்றது! நிமிர்ந்ததும் மறு பக்கம் விழுந்துவிடாமல் பார்த்துக் கொள்வதுதான் சூட்சுமமாம். அவள் எடை ஐம்பத்திரண்டு கிலோ.

வெள்ளிமலையில் டீ குடித்தோம். கல்வராயன்மலைத் தாலுகாவுக்குத் தலைமையிடம் இதுதான். இந்த மலைவாசிகளை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள். ஆனால் 1976 வரைக்கும் இந்த மலைகளை ஆண்டது ஜாகீர்தார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அத்தனை உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து இம்மலை மக்களின் நிலைமை என்ன என்று சர்க்காரைக் கேட்டது. சாலை வசதியும் அந்தக் கேள்விகளில் ஒன்று.

டீக்கடை வாசலில் ஒரு பழைய 100 சி.சி. வண்டி வந்து நின்றது. அதன் சொந்த எடை நூற்றுப் பத்துக் கிலோ சொச்சம் இருக்கும். மேலே மரவள்ளிக் கிழங்கு மூட்டை, மூட்டைக்கு முன்னால் கணவன், பின்னால் மனைவி. டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது. நாங்கள் எட்டு மூட்டை இரும்பின் மேல் சாகசம் என்று ஏறி வந்த பாதையில் அவர்கள் தினமும் சந்தைக்கு இறங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் தலைக்கவசம் இல்லை. அந்தப் பெண் எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இதில் எத்தனை மூட்டை ஏற்றலாம்?" என்று கேட்டாள். எங்கள் பாங்கிக்காரி பதில் சொல்லத் தெரியாமல் விழித்தது அன்று முழுவதிலும் அந்த ஒரு தடவைதான்.

திரும்பி வந்து அவள் தாயாரிடம், "நான் விற்கச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். காரணமும் சொன்னேன். கடன் இல்லை; சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை இப்போதும் மிச்சம் பிடிக்கிறாள்; வேகத்துக்கு ஆசைப்பட்டு ஓட்டவில்லை; விழுந்தால் தூக்கத் தெரிகிறது. இதில் ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் விற்கத்தான் சொல்லியிருப்பேன், ஆண்பிள்ளையானாலும். பிள்ளை வீட்டாரிடம் இதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். தாயார் பத்து நாள் என்னோடு பேசவில்லை. இரவல் வாங்கிப் போன இட்டிலித் தட்டும் வரவில்லை.

பிள்ளை வீட்டார் இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பிள்ளை மட்டும் அவளிடம், புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தானாம். என்ன அர்த்தமோ!

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாயார் வந்தாள், இட்டிலித் தட்டோடு. ஊர்க் கதையெல்லாம் பேசினாள். எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி, "அக்கா, உங்கள் பெண்ணுடைய அந்தச் சல்வார் எனக்குப் பற்றுமா?" என்று கேட்டாள்.

கொடுத்திருக்கிறேன். இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டும்.