பல்கலைக்கழக வாயிலில் யார் நிற்க வேண்டும்?

பிள்ளை உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால், நம் வீடுகளில் மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் குடிபுகுகிறது. பகிடிவதை இருக்குமா, விடுதி பாதுகாப்பானதா, மகளால் தொழுகையையும் உடையையும் பேணிக்கொள்ள முடியுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். இந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், பெற்றோரின் இந்த அச்சத்தையும் ஒரு காரணமாகக் கொண்டே நம் நாட்டில் இராணுவம் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துவரப்பட்டது. ஆகவே இதனை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டியுள்ளது.

2011 மே மாதத்தில், பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாகத் தெரிவான மாணவருக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. மாணவிகளும் முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது. ஒழுக்கமும் ஆளுமையும் வளரும், பகிடிவதை குறையும் என்றது உயர் கல்வி அமைச்சு. அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாகியும் பயிற்சி நடந்தேறியது. அதே ஆண்டில், பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய ரக்னா லங்கா நிறுவனத்திடம் காவற்பணியை ஒப்படைக்குமாறு பல்கலைக்கழகங்கள் பணிக்கப்பட்டன.

ஒழுக்கத்தை வேண்டாமென்று சொல்வார் எவருமில்லர். ஆனால் முகாமின் ஒழுக்கம் வேறு, வகுப்பறையின் ஒழுக்கம் வேறு. முகாமில் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே பண்பு. அது அங்கே தேவையானதும்கூட. வகுப்பறையிலோ, 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று ஆசிரியரையே மரியாதையோடு கேட்பதுதான் பண்பு. முதலாவதை மட்டும் பழகி வருகின்ற பிள்ளைக்கு இரண்டாவது எளிதில் வாய்ப்பதில்லை.

இராணுவம் உள்ளே நுழைந்தால் என்ன நேரும் என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நன்கறியும். 2012 நவம்பர் 27 அன்று விடுதியில் மாணவர் சுடரேற்றியபோது படையினர் உள்ளே புகுந்தனர். மறுநாள் அதனைக் கண்டித்து ஊர்வலம் சென்றோர் தாக்கப்பட்டனர். பின்னர் மாணவர் நால்வர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, வெலிக்கந்தைக்குப் 'புனர்வாழ்வு' என்ற பெயரில் அனுப்பப்பட்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் விடுதலையாயினர். தமிழ் மாணவருக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம் இது என்று கருதி நம்மவர் கடந்து செல்லக்கூடும். 2019 அந்த எண்ணத்துக்கு விடையளித்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 21 இன் கொடுந்தாக்குதலுக்குப் பிறகு நாடெங்கும் சோதனைகள் நடந்தன. குண்டு வைத்தோரின் கூட்டத்தைத் தேடத் தொடங்கிய படையினர், மே 3 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சோதனையிட்டனர். மாணவர் ஒன்றிய அலுவலகத்தில் விடுதலைப் புலிகளின் தலைவருடைய படம் இருந்ததாகக் கூறி, ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் கைதாயினர். தேடியது ஒன்று, அகப்பட்டது வேறொன்று. அதே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய உடையில் இருந்த கப்பற் சுக்கானின் உருவம் பௌத்தரின் தர்மச் சக்கரமாகப் பொலிஸாருக்குத் தோன்றியதே காரணம். ஐயத்தோடு பார்க்கும் கண்ணுக்குப் படமும் குற்றம், பூவேலையும் குற்றம். நம் வீடுகளின் அரபு நூல்களும் அந்நாட்களில் அக்கண்ணுக்குத் தப்பவில்லை. ஐயுற்று நோக்குவது காவலின் இயல்பு. ஆய்ந்து நோக்குவது கல்வியின் இயல்பு. முன்னதன் கையில் பின்னதன் சாவியைக் கொடுத்துவிட்டால், எந்தச் சமூகத்தின் பிள்ளையும் அங்கே அச்சமின்றி நூலொன்றை விரிக்க இயலாது.

'அப்படியானால் பகிடிவதையை யார் தடுப்பது?' என்று பெற்றோர் கேட்பர். அதற்கென்றே 1998 இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கென ஒழுங்கு அதிகாரிகளும் விடுதிக் காப்பாளரும் உள்ளனர். குறைபாடு சட்டத்தில் இல்லை, அதனைத் துணிந்து நடைமுறைப்படுத்துவதிலேயே உள்ளது. முறைப்பாடு செய்த மாணவியைக் காப்பாற்ற முடியாத நிர்வாகத்தின் வாயிலில் துப்பாக்கியை நிறுத்தினால், அந்நிர்வாகம் திருந்தப்போவதில்லை. தன் பொறுப்பைக் கைகழுவிவிடும், அவ்வளவே. உபவேந்தரிடம் கேள்வி கேட்கலாம், பேரவையிடம் முறையிடலாம். சீருடைக்குப் பொறுப்பான அதிகாரியிடம் ஒரு தந்தை எங்கே சென்று முறையிடுவார்? 2021இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை விரிவுரையாளர் சங்கங்கள் எதிர்த்ததன் பின்னணியிலும் இந்தப் பொறுப்புக்கூறல் பற்றிய கவலை இருந்தது.

பத்ர் போரில் பிடிபட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்குக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. நேற்றுவரை வாளேந்தி எதிரே நின்றவரும் எழுத்துப் பலகையின் முன் ஆசிரியராகவே அமர்ந்தார். கல்விக்காகப் போர் தன் கடுமையைத் தளர்த்திக்கொண்ட வரலாறு நம்முடையது.

ஆகவே, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றுகூடி நிர்வாகத்தைச் சந்திக்கட்டும். முறைப்பாட்டுக்கான வழி என்ன, விடுதிக்குப் பொறுப்பானவர் யார், இரவில் அழைத்தால் வருவது யார் என்று கேட்கட்டும். நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் அவர்களோடு நிற்கட்டும். பாதுகாப்பு நம் பிள்ளைகளின் உரிமை. அச்சமின்றிக் கேள்வி கேட்பதும் அவர்களின் உரிமையே. ஒன்றைப் பெறுவதற்காக மற்றதை விலையாகக் கொடுக்க வேண்டாம்.