கடையின் கடன் வீட்டு வாசலுக்கு வருமா?

வளைகுடாவில் பல வருடம் உழைத்துச் சேர்த்ததை ஊரில் ஒரு தொழிலில் போட நினைக்கும் சகோதரர்களிடம், "எல்எல்பி பதிவு செய்துவிடுங்கள், சொத்துக்குப் பாதுகாப்பு" என்ற ஆலோசனை இப்போது சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான்.

நம்மில் பலர் செய்வது, மச்சான்மார் இருவர் வாய்வார்த்தையில் தொடங்கும் கூட்டு வியாபாரம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி அதில் ஒருவர் வாங்கிய சரக்குக் கடனுக்கு மற்றவரின் வீடும் பொறுப்பாகும். பதிவு இல்லையென்றால், சரக்கை வாங்கிவிட்டுப் பணம் தராதவர் மீது வழக்குப் போடவும் வழியில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனின் மிக நீண்ட வசனமே சொல்லியிருக்க, எழுதக் கேட்டால் நம்பவில்லை என்று கோபித்துக்கொள்கிறோம்!

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் எல்எல்பியில் பங்குதாரரின் இழப்பு, அவர் தருவதாக ஒப்புக்கொண்ட முதலோடு நின்றுவிடும். இரண்டு பேர் போதும். ஒருவர் துபாயில் இருக்கலாம், மற்றவர் இந்தியாவில் வசித்தால் சரி. தனியாகத் தொடங்குபவருக்கு ஒருநபர் கம்பெனி இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் அதைத் தொடங்கலாம்.

ஆனால் வங்கி, சிறு நிறுவனத்துக்குக் கடன் தரும்போது பங்குதாரர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துக் கேட்கும். கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை பாதுகாப்பு முடிந்தது. நிறுவனத்தின் கடன் திவால் சட்டப்படி தீர்க்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டிக் கடனே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. உண்மையில் எல்எல்பி முழுப் பலன் தருவது அவருக்குத்தான்.

சட்டம் விடுவித்தாலும் மார்க்கம் விடுவிக்குமா? கடனை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாமல் இறந்தவருக்கு, வேறொருவர் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுகை நடத்த முன்வரவில்லை என்ற ஹதீஸ் நாம் அறிந்ததே. வரையறுக்கப்பட்ட பொறுப்பைப் பற்றி விரிவாக எழுதிய முஃப்தி தகீ உஸ்மானி, வக்ஃப், பைத்துல்மால் போன்றவற்றை முன்மாதிரியாகக் காட்டிப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் பெரிய கம்பெனிகளுக்கு அதை ஏற்கிறார். பங்காளிகளுக்கு அன்றாட வரவு செலவு தெரிந்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு அதே சலுகையைத் தர அவர் தயாராக இல்லை. நிர்வாகத்தில் தலையிடாமல் பணம் மட்டும் போட்டவருக்கே விலக்கு. இது முளாரபாவில் முதல் போடுபவரின் நிலையை ஒத்தது.

எனக்குச் சரியாகப் படுவதும் இதுதான். ஊரில் கடையை நடத்துபவர், சரக்குக் கொடுத்தவரிடம் "கம்பெனிதான் நஷ்டம், நானில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. சவூதியில் இருந்து பணம் அனுப்பியவர் நிலை வேறு. எல்எல்பி அவருக்காகத்தான். எனவே ஒப்பந்தப் பத்திரத்திலேயே அவர் முதலீடு மட்டும் செய்பவர், எந்தக் கடனுக்கும் ஜாமீன் நிற்க மாட்டார் என்று எழுதிவிடட்டும். விடுமுறையில் ஊர் வரும்போது வங்கியில் நீட்டப்படும் தாள்களையும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொன்று: வியாபாரமே நடக்காவிட்டாலும் எல்எல்பி ஒவ்வோர் ஆண்டும் மே 30க்குள் ஒரு படிவமும் அக்டோபர் 30க்குள் ஒரு படிவமும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.