கண்ணீர் எளிது

லோயிஸ் லோரி 1989இல் எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' என்னும் சிறு நாவலைப் படித்துக் கண் கலங்காதோர் அரியர். 1943ஆம் ஆண்டு, கோபன்ஹேகன் நகர். பத்து வயதுச் சிறுமி ஆன்மரீயின் பெற்றோர், அவளுடைய யூதத் தோழி எல்லனைத் தம் வீட்டில் ஒளித்து வைக்கின்றனர். நள்ளிரவில் ஜெர்மானிய வீரர் கதவைத் தட்டுகின்றனர். எல்லனின் கழுத்திலோ தாவீதின் விண்மீன் பதித்த சங்கிலி, கழற்ற நேரமில்லை. ஆன்மரீ அதை அறுத்தெடுத்துக் கைக்குள் பொத்திக்கொள்கிறாள். வீரர் போனபின் விரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் விண்மீனின் தடம். அவ்விடத்தில் நாமும் அழுதோம், அதில் வெட்கமில்லை.

நம் பிணக்கெல்லாம் கண்ணீரைத் தொடர்ந்து எழுகிற நிம்மதிப் பெருமூச்சோடுதான். "பார்த்தீர்களா, கிறிஸ்தவர்கள் எப்படி யூதர்களைக் காப்பாற்றினார்கள்!" என்று நூலை மூடுகிறோமே, அந்தப் பெருமையை நமக்கு யார் தந்தது? டென்மார்க்கின் மக்கள் பெரும்பாலும் லூத்தரன் சபையினர். 1943 அக்டோபர் 3 அன்று யூதர்களுக்காகக் குரல் கொடுத்து ஆலயங்களில் வாசிக்கப்பட்ட சுற்றுமடலும் அச்சபை ஆயர்களுடையதே. ஏறத்தாழ 7,200 யூதர் கடல் கடந்து சுவீடன் சேர்ந்தனர் என்பது மனித குலமே பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் படகுக்கூலியாகப் பெருந்தொகை கேட்ட மீனவரும் அங்கே இருந்தனர். கதையின் படகு புறப்படும் கில்லெலெய்யெ கடற்கரைப் பகுதியிலேயே, அவ்வூர்க் கோயிலின் மேல்மாடத்தில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 80 யூதர் அதே அக்டோபரில் கெஸ்டாப்போவிடம் சிக்கினர்.

நாவலைப் படிக்கும் நாம் எல்லாரும் ஆன்மரீயின் இடத்தில்தான் போய் அமர்ந்துகொள்கிறோம். சன்னல் திரையை மெல்ல இழுத்து மூடிக்கொண்ட அண்டை வீட்டாரின் இடத்தில் ஒருவரும் அமர்வதில்லை. நல்ல சமாரியர் உவமையிலும் இதே கதைதான். அந்தக் குருவும் லேவியரும் யாரோ எவரோ என்றே கேட்டுப் பழகிவிட்டோம்.

நம் வீட்டுக் கதைக்கே வருவோம். 1943 அக்டோபர் 16 அன்று உரோமை நகரில், வத்திக்கானுக்கு அருகிலேயே, 1,000-க்கும் மேற்பட்ட யூதர் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியவர் 16 பேர். நகரின் கன்னியர் மடங்களும் துறவற இல்லங்களும் கதவு திறந்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தன. அதை மறைக்க வேண்டியதில்லை, நாள்தோறும் சொல்லலாம். ஆனால் அன்று வீரர் முதலில் சுற்றி வளைத்த பழைய யூதக் குடியிருப்பு எப்படி உண்டாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1555இல் யூதரை அங்கே அடைத்து, வெளியே வந்தால் அடையாளத் தொப்பி அணியவேண்டும் என்று ஆணையிட்டவர் திருத்தந்தை 4ஆம் சின்னப்பர். பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதரை நம்பிக்கை கெட்டவரெனச் சுட்டிய இலத்தீன் சொல்லைத் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் நீக்கியது 1959இல். ஆஷ்விட்ஸ் மூடி 14 ஆண்டுகள் கழித்து! அதுவரை நம்மூர்க் கோயில்களிலும் அதே இலத்தீன் மன்றாட்டுத்தான் ஒலித்தது. பொருள் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தனர் நம் முன்னோர்.

"பழைய புண்ணைக் கிளறுவானேன்? சங்கம் பேசிவிட்டது, திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் 1986இல் யூதத் தொழுகைக்கூடத்துக்கே போய்விட்டார்" என்பர் சிலர். உண்மைதான். ஆனால் போனவர் அவர். நாம் போனோமா? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவமல்லாச் சமயங்கள் பற்றிய அறிக்கையைப் பொதுநிலையினரில் எத்தனை பேர் ஒருமுறையேனும் கையில் எடுத்திருப்பர்? யூதர் அனைவர் மீதும் கிறிஸ்துவின் சாவுக்கான பழியைச் சுமத்தலாகாது என்று அது தெளிவுறக் கூறியும், தவக்கால மறையுரைகளில் 'யூதர்கள் கொன்றார்கள்' என்னும் பேச்சு இன்றும் தயக்கமின்றி வருகிறது. எல்லனுக்காக அழுத நாமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் அமர்ந்திருக்கிறோம்.

இந்நாவலை இளையோர் கையில் கொடுக்கும் பங்குகள் தாராளமாகக் கொடுக்கட்டும். கூடவே அவ்வறிக்கையின் நான்காம் பகுதியையும் படியெடுத்துக் கொடுக்கட்டும். சில பத்திகள்தாம், படிக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது.