கணக்கில் விழுந்த துண்டு

ஜெனீவா அருகே, பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு ஆராய்கிறது செர்ன் ஆய்வு மையம். 2012இல் ஹிக்ஸ் துகள் இங்கேதான் கண்டறியப்பட்டது. 'கடவுள் துகள்' என்பது அதற்கு இடப்பட்ட பட்டப்பெயர் மட்டுமே. அதனால் நம் விசுவாசம் நிரூபிக்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை.

இப்போது தேடப்படுபவற்றுள் ஒன்று கரும்பொருள். சாதாரணப் பொருளைவிட அது ஐந்து மடங்குக்கும் அதிகம் என்கிறது வானியல். கருவிக்கும் தெரியாததை எப்படித் தேடுவது? மோதலில் சிதறும் துகள்களின் பக்கவாட்டு உந்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்ய வேண்டும். கணக்கில் துண்டு விழுந்தால், ஏதோ ஒன்று கண்ணில் படாமல் வெளியேறியிருக்கிறது. 1930இல் பவுலி என்ற அறிஞர் இத்தகைய ஆற்றல் குறைவைக் கொண்டே நியூட்ரினோவை ஊகித்தார். அது பிடிபட்டதோ 1956இல்!

ஆனால் கரும்பொருள் இதுவரை அகப்படவில்லை. இந்நிலையில் 91 கிலோமீட்டரில் புதிய வளையம் அமைக்கலாம் என்றது 2025ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை. செலவு சுமார் 1,500 கோடி சுவிஸ் பிராங்க். பசித்தோர் நிறைந்த உலகில் இது தேவையா என்று நாம் கேட்பது நியாயமே. அதே வேளையில், "ஒன்றும் கிடைக்கவில்லையே" என்று ஏளனம் செய்வது நியாயமாகாது. எங்கே இல்லை என்று தெளிவதும் அறிவின் வளர்ச்சியே. கிடைக்கும் என்று பொய் வாக்குறுதி தராமல், கிடைக்காததையும் மறைக்காமல் அறிவிக்கும் நேர்மையே இத்தேடலின் பலம். செலவை எடைபோடும்போது அந்த நேர்மையையும் சேர்த்தே எடைபோடுவோம்.